மூன்றா, ஒன்பதா

ஜனவரி 20, திங்கள்

ரத்த அழுத்தம் 150/96. மனதில் இருப்பதைத் தினம் ஒரு பக்கம் எழுதினால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மனதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் நோட்டு வாங்கியாகிவிட்டது.

நேற்றுத் திறனறித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆவுடைத்தாய் கல்வி அறக்கட்டளை வருடா வருடம் நடத்துவது. முதலில் வரும் நாற்பது பேருக்குக் கல்லூரிப் படிப்பு முழுவதும் அறக்கட்டளையின் பொறுப்பு. இரண்டாயிரம் பேர் எழுதினார்கள். இயற்பியல் கேள்விகள் ஐம்பதும் என்னுடையவை. ஆங்கிலத்தில் எழுதி, தமிழிலும் நானே பெயர்த்துக் கொடுத்தேன். செயலாளர் தாணுமூர்த்தி காலையிலேயே போன் செய்து, "பேப்பர் ஜோரு சார். ஒருத்தரும் வாயத் தொறக்கல" என்றார்.

நான் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தில் இரண்டு வகுப்பு எடுத்தேன். வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. காயில் போயிருக்கும் என்கிறாள் தமயந்தி. என் மனைவி தமிழாசிரியை; ஆனால் மோட்டார் விஷயத்தில் அவள் வாக்கு இதுவரை பொய்த்ததில்லை.

ஜனவரி 22, புதன்

142/92. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். காயில்தான்.

ஜனவரி 24, வெள்ளி

விடைக்குறிப்பு வெளியானது. டீக்கடையில் உட்கார்ந்து போனில் தமிழ்த்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வினா 37-இல் கண் நின்றது.

வெளியின் பரிமாணங்களின் எண்ணிக்கை: அ) 3 ஆ) 4 இ) 9 ஈ) 26. விடை: இ.

மூன்று தடவை படித்தேன். ஆங்கிலத்தாளில் இதே கேள்வி, "இழைக் கோட்பாட்டின்படி" என்று தொடங்குகிறது. தமிழில் அந்த இரண்டு சொற்கள் இல்லை. அவை இல்லாவிட்டால் கேள்வியே வேறு. ஒரு கோட்பாடு என்ன சொல்கிறது என்று கேட்பது போய், உலகம் எப்படி இருக்கிறது என்று கேட்பதாகிவிடுகிறது. எங்கள் தேர்வுக் கையேட்டில் இழைக் கோட்பாடு பற்றி ஒரு பத்தி உண்டு; ஆனால் கேள்வியில் அதன் பெயரே இல்லாதபோது, ஒழுங்காகப் படித்த பிள்ளை மூன்று என்றுதான் குறிக்கும். நம் விடைக்குறிப்பு அதைத் தவறு என்று அடிக்கும்.

டீயைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன். எப்படி விட்டுப்போயிற்று என்பது புரிகிறது. தமிழில் வரி நீளும். இரண்டாவது வரிக்கு ஓடினால் பக்கம் முழுக்க நகரும். இடம் போதாமல் சுருக்கியிருக்கிறேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 25, சனி

156/98. தமயந்தியிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "ஒம்பது எங்கேர்ந்து வந்துச்சு?"

கல்யாணமாகிப் பதினான்கு வருடம். இந்த ஒன்பதில்தான் நான் பதினொரு வருடம் குடியிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்; அது என்னவென்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இன்று சொன்னேன். பொருளைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் இருப்பது புள்ளியான துகள் இல்லை, அதிரும் ஒரு நுண்ணிய இழை என்பது கோட்பாடு. அந்த இழையின் கணக்கு பிசகாமல் நிற்க வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் போதாது. இன்னும் ஆறு திசைகள் வேண்டும். அந்த ஆறும் எந்தக் கருவிக்கும் எட்டாத சிறிய அளவில் சுருண்டு கிடக்கின்றன. எத்தனை விதமாகச் சுருண்டிருக்கலாம் என்று எண்ணியதுதான் என் முனைவர் பட்டம்.

"கெடக்குதுங்கறீங்களே, யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப 'கெடக்குதாம்'னு சொல்லுங்க. நம்ம பாத்ததுக்கு 'கெடக்குது', அடுத்தவங்க சொன்னதுக்கு 'கெடக்குதாம்'. ஆறாங்கிளாஸ் பிள்ளைக்கு இது தெரியும்." பிறகு அவளே சிரித்தாள். "கேள்வியில அந்த ரெண்டு வார்த்தைக்கு எடமில்லைன்னா, விடையிலயாவது 'ஒன்பதாம்'னு போட்டிருக்கலாம். ஆனா ஒன்பதாவதுன்னு படிச்சிருவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு வருடத்தை ஒரே ஒரு "ஆம்" போட்டு முடித்துவிட்டாள்.

ஜனவரி 26, ஞாயிறு

மையத்தில் கொடி ஏற்றினோம். ஆட்சேபம் அனுப்ப 31 வரை நேரம் இருக்கிறது. தமிழ்த்தாள் எழுதிய பிள்ளைகள் ஆங்கிலத்தாளை எடுத்துப் பார்க்கப்போவதில்லை. நானாகப் போய்ச் சொல்ல வேண்டுமா? கேட்டால் சொல்லலாம்.

ஜனவரி 28, செவ்வாய்

கேட்டுவிட்டார்கள். சிவகாசிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து, பா. மாரீஸ்வரி என்ற பெண். தாணுமூர்த்தி கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோடு போட்ட தாளில் முத்து முத்தான கையெழுத்து.

"மதிப்பிற்குரிய ஐயா, வினா 37. நாம் அறிந்தவரை வெளியின் பரிமாணங்கள் மூன்று. ஒன்பது என்பது ஒரு கோட்பாடு சொல்வது. அந்தக் கோட்பாட்டின் பெயர் ஆங்கில வினாவில் இருக்கிறது, தமிழ் வினாவில் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுத முடியாது. ஆகவே மூன்று என்று குறித்தவர்களுக்கு மதிப்பெண் வழங்க வேண்டுகிறேன்."

கீழே அம்மாவின் போன் நம்பர். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் எழுத வேண்டிய கேள்வியைவிட அவள் கடிதம் சுத்தமாக இருக்கிறது. 160/100.

ஜனவரி 29, புதன்

தாணுமூர்த்தி வீட்டுக்கே வந்துவிட்டார். தீப்பெட்டி ஆலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வளர்த்தப் பிடிக்காது. காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சார், இதுல கைய வச்சா தமிழ்த்தாள் பூராவும் மறுபடி திருத்தணும். மார்க்கெல்லாம் மேலயும் கீழயும் போகும். நமக்குத் தேவையா? நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சு போச்சு. நானே டைப் அடிச்சுக் கொண்டாந்துருக்கேன்."

தாளை நீட்டினார். "வினா 37-இன் தமிழ் வடிவமும் சரியே. வெளிக்கு ஒன்பது பரிமாணங்கள் என்பது இன்றைய இயற்பியல் கண்ட முடிபு." கீழே: முனைவர் ந. வெயிலுமுத்து. கையெழுத்து மட்டும் பாக்கி.

"இப்படிச் சொல்ல முடியுமான்னு பாக்கணும் சார்" என்றேன்.

"யாரு சார் வந்து இல்லைம்பா? இந்த ஜில்லாவுலயே இதப் படிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்." எழுந்தவர், வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார். "வெளிய விடாதீக. மனுப் போட்ட அந்தப் பிள்ளை ஓரத்துல நிக்குது. ஒரு மார்க்கு இங்கிட்டு வந்தா உள்ள, அங்கிட்டுப் போனா வெளிய."

அவர் போனபின் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் இருந்தது, மறைப்பானேன். பிழை என்னுடையது என்று தெரிந்தால் மையத்தில் என் மரியாதை என்ன ஆகும்? ஆனால் பயத்தைவிட வேறொன்று பெரிதாக இருந்தது. பதினொரு வருடம், இந்த ஒரு வரியை யாராவது எழுதிக் கையில் கொடுக்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். கருத்தரங்குகளில் கேட்டேன், ஆய்விதழ்களில் தேடினேன். கடைசியில் எழுதிக் கொடுத்தவர் ஒரு தீப்பெட்டி ஆலை மேலாளர். படிக்கப் படிக்க இனித்தது.

கையெழுத்துப் போடவில்லை. கிழித்தும் போடவில்லை.

ஜனவரி 30, வியாழன்

செய்யக்கூடாத காரியம் ஒன்று செய்தேன். கேள்வி எடுத்தவன் தேர்வெழுதியவரிடம் பேசக்கூடாது என்பது விதி. மடியில் கனம், வழியில் பயம்; சும்மா இருக்க முடியவில்லை. மனுவில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தார். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாராம்.

"தேர்வு விஷயமாப் பேசறேம்மா. உங்க பொண்ணு மனு போட்டிருக்கே..."

"ஆமாங்கய்யா. ரெண்டு நாளா அதே பேச்சுதான். எனக்கு என்னய்யா தெரியும்? பெட்டிக்கு எத்தனை அளவு வரும்னு கேட்டா, நீளம் அகலம் உசரம், மூணும்பேன். ஒம்பது அளவு எழுதுன ஆர்டர் வந்தா நாங்க பெட்டி போட மாட்டோம், ஓனரத்தான் கூப்புடுவோம்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அய்யா, இது கெடச்சாத்தான் பிள்ளை காலேசுக்குப் போகும். கெடைக்கலைன்னா மே மாசத்துலேர்ந்து இங்கனதான், எங்கூட ஒட்டுறதுக்கு. ஏதும் வம்பாயிருமாய்யா அது மனுப் போட்டது?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

எந்த அதிகாரத்தில் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

கேள்வித்தாளின் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். வினா 37-இன் வரியில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 1, சனி

மோட்டார் வந்துவிட்டது. மாட்டினார்கள். தொட்டி நிறைந்து வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடும்வரை நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஜெயசீலனைக் கூப்பிட்டேன். ஆய்வுக்காலத்தில் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். நான் வெளியே வந்துவிட்டேன். அவன் ஜெர்மனியில் பேராசிரியர், இன்னமும் இழைகளோடுதான் இருக்கிறான். ஒன்பது வருடம் பேசவில்லை. நலம் விசாரிக்கும் படலம் முடிந்ததும் நேராகக் கேட்டேன்.

"மழுப்பாம சொல்லு. மிச்சம் ஆறு இருக்கா?"

"மேடையில கேக்கறியா, வீட்டுல கேக்கறியா?"

"வீட்டுல."

"தெரியாதுடா. கணக்கு அவ்வளவு அழகா வந்து உக்காருது, பொய்யா இருக்கும்னு மனசு ஒத்துக்க மாட்டேங்குது. ஆனா ஜெனீவால துகள்கள மோதவிடுற அத்தாம் பெரிய எந்திரத்த ஓட்டியாச்சு, ஒரு தடயம் இல்ல. தலைமுடித் தடிமனுக்கும் கீழ போயி ஈர்ப்ப அளந்து பாத்தாச்சு. அங்கயும் மூணு திசைக்குரிய விதிப்படிதான் இருக்கு."

"அப்ப எது நடந்தா தப்புன்னு ஒத்துக்குவே? எந்தச் சோதனையில தோத்தா?"

"அதாம்ப்பா எங்க தலைவலி. எந்த முடிவு வந்தாலும் அதுக்குத் தக்கன ஆறையும் வேற மாதிரி சுருட்டிக்கலாம். ஒண்ணு போட்டு ஐநூறு சைபர் போட்டா எத்தனையோ, அத்தனை விதம் இருக்கு. நீயே எண்ணுனவன்தானே."

"தோக்கவே முடியாததுக்குப் பேரு பௌதிகமா?"

"நல்ல கணக்கு. அதுல சந்தேகமில்ல. கருந்துளை பத்தி அது சொல்லிக்குடுத்தது வேற எதுவும் சொல்லிக்குடுக்கல. பௌதிகமான்னா, ஆகலாம், ஆகாமலும் போகலாம்." நான் மனு விஷயத்தைச் சொன்னேன். உடனே பதறினான். "வெயிலு, சரின்னு எழுதாத. ஆனா தப்புன்னும் எழுதிராத. அதுவும் அதே அளவு பொய்."

பிழைக்கத் தெரிந்தவனின் பேச்சு என்று தோன்றியது. இதே வழவழப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் என் இளமை போயிற்று. முப்பத்து நான்கு வயதில் வேலையில்லாமல் ஊருக்கு வந்து நின்றபோது, "அப்படி என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று மாமனார் கேட்டார். அவருக்கும் "ஆகலாம், ஆகாமலும் போகலாம்" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

முடித்துவிட்டேன். தாணுமூர்த்தி கொடுத்த தாளைக் கிழித்துப் போட்டு, என் கையால் எழுதினேன்.

"வினா 37-இன் தமிழ் வடிவம் பிழையானது. பிழை என்னுடையது. கேட்கப்பட்டபடி சரியான விடை 3. ஒன்பது தவறு. கூடுதல் பரிமாணங்களுக்கு எந்தச் சான்றும் இல்லை. அவை இயற்பியல் ஆகா. 3 என்று குறித்தவர்களுக்கு மதிப்பெண் தந்து, 9 என்று குறித்தவர்களுக்கு நீக்கவும்."

"ஒன்பது தவறு." இந்த இரண்டு சொற்களை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் மூச்சு சீராக வந்தது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாணுமூர்த்தி முகத்தைச் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். திரும்பும்போது கடையில் உட்கார்ந்து மூன்று எண்ணெய் பரோட்டா சாப்பிட்டேன். ரத்த அழுத்தம் 130/84! டாக்டர் சொன்னது சரிதான்.

வீட்டுக்கு வந்து என் ஆய்வேட்டைப் பழைய பேப்பர் கட்டில் வைத்தேன். தமயந்தி அதை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். அந்தப் பெண் கல்லூரிக்குப் போவாள். என் பதினொரு வருடத்தால் ஒரு ஆளுக்காவது உபயோகம் உண்டாயிற்று.

பிப்ரவரி 4, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் தமயந்தி பள்ளியிலிருந்து வந்ததும், "அந்தப் பொண்ணு எழுதுன மனுவக் காட்டுங்க, எங்க பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத மாதிரி காட்டணும்" என்றாள். போனைக் கொடுத்தேன். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"இவ எதைக் குறிச்சா?"

"மூணுதான். இல்லாட்டி ஏன் மனுப் போடறா?"

"மூணுன்னு 'குறித்தவர்களுக்கு' மதிப்பெண் தாங்கன்னு எழுதியிருக்கா. 'எனக்கு'ன்னு எங்கயுமே இல்லையே. 'நான் குறித்தேன்'னும் இல்ல. இவ்வளவு பாத்துப் பாத்து எழுதற பிள்ளை, தன் பேரை மட்டும் மறந்துருமா?"

"உனக்கு எல்லாத்துலயும் இலக்கணம்" என்று சொல்லிக்கொண்டேதான் தாணுமூர்த்திக்குப் போன் போட்டேன். விடைத்தாளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பதினைந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்.

"இ போட்டுருக்கு சார். ஒம்பது."

அவரே தொடர்ந்தார். "அதான் அன்னைக்கே சொன்னேனே, ஓரத்துல நிக்குதுன்னு. முப்பத்தெட்டாவது எடத்துல இருந்துச்சு. இப்ப நீங்க எழுதுனபடி திருத்துனா ஐம்பதுக்கு அங்கிட்டுப் போயிரும். தலையில தானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்ட பிள்ளைய நான் இப்பத்தான் பாக்கேன்."

"ஒரு மார்க்கு இங்கிட்டு வந்தா உள்ள" என்று அன்று அவர் சொன்னதை, மேலே ஏறி உள்ளே வருவாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவள் உள்ளேதான் இருந்தாள். நான் வெளியே தள்ளியிருக்கிறேன்.

"பட்டியல் எப்ப சார் சீல் வைப்பீங்க?"

"வியாழக்கிழமை மத்தியானம். ஏன், இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

164/102. தூக்கம் வராது என்று தெரிந்தே படுக்கிறேன்.

பிப்ரவரி 5, புதன்

மையத்துக்கு லீவு சொன்னேன். காலை முழுக்கக் கடிதம் எழுதிக் கிழித்தேன்.

முதலில், எப்படியாவது அவளை உள்ளே வைக்கும் வரியைத் தேடினேன். அது அயோக்கியத்தனம், அவள் கேட்டது அதுவல்ல. மூன்று போட்ட பிள்ளைகளுக்காக அவள் கேட்டாள். தமிழ்த்தாளில் அப்படி முந்நூறு பேர் இருக்கிறார்கள். பிறகு, என் கடிதம் உண்மைதானே, அப்படியே கிடக்கட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அதுவும் ஓடவில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. ஒன்பதுக்குச் சான்று இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒன்பது தவறு என்பது எனக்கு எங்கே தெரியும்? எந்தச் சோதனையில் பார்த்தேன்? தாணுமூர்த்தி டைப் அடித்த பொய்யைக் கிழித்துவிட்டு, அதே அளவில் என் பொய்யை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதினொரு வருடத்தைப் பழிவாங்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, வாங்கிவிட்டேன். அடி விழுந்தது அட்டைப்பெட்டிக்காரர் மகளுக்கு.

இதையும் எழுதிவிடுகிறேன். அந்த வரியில் இடம் இருந்தது. "இழைக் கோட்பாட்டின்படி" என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன்! ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு நேர்காணலிலும், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவனைப் போல. என் தாய்மொழியில், என் கையால், ஒரே ஒரு தடவை அது இல்லாமல் எழுதிப் பார்க்க ஆசைப்பட்டேனா? சத்தியமாக ஞாபகம் இல்லை. ஆனால் ஆசைப்படவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியவில்லை.

மூன்று மணிக்கு எழுதி முடித்தேன். தமயந்தி படித்து ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தினாள். தோளில் கை வைத்தாள்.

பிப்ரவரி 6, வியாழன்

ஒன்பது மணிக்கெல்லாம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருந்தேன். தாணுமூர்த்தி பத்தே முக்காலுக்கு வந்தார். இதற்குள் மூன்று தடவை சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா என்று எழுந்து பார்த்தேன். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் வாய்விட்டுப் படித்தார்.

"என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். வெளிக்கு எத்தனை பரிமாணங்கள் என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நாம் அளந்து கண்டவை மூன்று. இழைக் கோட்பாடு ஒன்பது என்கிறது. அதை மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்ப்பிக்கவும் இல்லை. 3 என்று குறித்தவர் கண்டதைச் சொன்னார். 9 என்று குறித்தவர் தேர்வுக் கையேட்டில் இருந்த கோட்பாட்டைச் சொன்னார். எதைச் சொல்ல வேண்டும் என்று கேள்வி கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது. இரண்டையும் ஏற்க வேண்டும்."

கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தெரியாதுன்னு எழுதி, கீழ முனைவர்னு வேற போட்டுருக்கீக."

"ஆமா சார்."

"இது தெரியாதுங்கிறதுக்குத்தான் பதினோரு வருசம் படிச்சீகளா?"

"ஆமா சார்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

"திங்கக்கிழமை தப்புன்னீக. வியாழக்கிழமை தெரியாதுங்கறீக. நாளைக்கு யாராச்சும் கோர்ட்டுக்குப் போனா?"

"என்னைக் கூப்பிடுங்க சார். அங்கயும் இதையே சொல்றேன்."

பெருமூச்சு விட்டார். அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்டி, வினா 37-க்கு இரண்டு விடையையும் ஏற்றினார். பட்டியல் புதிதாக வந்தது. மூன்று போட்டவர்கள் மேலே ஏறினார்கள். ஒவ்வொரு பெயர் ஏறும்போதும் கீழே இருப்பவர்கள் இறங்க வேண்டும். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் திரையில் விரலை வைத்து மெதுவாக இறக்கினார். முப்பத்தெட்டில் வேறு பெயர். முப்பத்தொன்பதிலும் வேறு பெயர்.

"நாப்பது" என்றார். "பா. மாரீஸ்வரி. கடைசிச் சீட்டு."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சங்கடத்தோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அடுத்த வருசம் கேள்விக்கு வேற ஆளப் பாத்துக்கிடுறோம் சார். மனசுல வச்சுக்கிடாதீக." வைத்துக்கொள்ளவில்லை. நியாயம்தான்.

பிப்ரவரி 8, சனி

அளந்து பார்க்கவில்லை. நேற்றுப் பட்டியல் வெளியானது. இன்று மத்தியானம் தெரிந்த நம்பரிலிருந்து போன். சின்னக் குரல்.

"சார், நான் மாரீஸ்வரி பேசறேன். அன்னைக்கு இந்த நம்பர்லேர்ந்துதான் அம்மாட்டப் பேசுனீங்களாம். நீங்கதான் கேள்வி எடுத்த சாரா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். "ஆமாம்மா" என்றேன். "கெடச்சிருச்சுல்ல? சந்தோசமா?"

"சந்தோசம் சார். எங்க கிளாஸ்லேர்ந்து மூணு பேரு சார்."

கேட்காமல் இருக்க முடியவில்லை. "நீ ஒம்பதுதானே போட்டிருந்தே?"

"ஆமா சார். மூணுங்கிறது ரொம்ப லேசா இருந்துச்சு. இவ்வளவு லேசாக் கேக்க மாட்டாங்க, கேக்கறவங்க மனசுல ஒம்பதுதான் இருக்கும்னு போட்டேன்."

"அப்புறம் ஏம்மா மனு? உன் மார்க்கு போயிருமேன்னு தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா எங்க கிளாஸ்ல பதினாறு பேரு மூணு போட்டிருந்தாங்க. அவங்க படிச்சதை எழுதுனாங்க. நான் உங்க மனசைத்தான் சார் எழுதுனேன்."

சொல்லிவிட்டு அவசரமாக அடுத்ததுக்குப் போனாள். "சார், நான் போன் பண்ணது வேற விசயத்துக்கு. ரெண்டு விடையும் சரின்னு போட்டிருக்காங்கள்ல. அது எப்படின்னு எங்க பிசிக்ஸ் மிஸ்ஸு நேத்து கிளாஸ்ல என்னைய எந்திரிக்கச் சொல்லிக் கேட்டாங்க. உண்மையில எத்தனை, சொல்லுன்னாங்க. நான் தெரியாது மிஸ்னேன். மனு மட்டும் போடத் தெரியுதோன்னு கிளாஸுக்கு வெளிய நிப்பாட்டிட்டாங்க. திங்கக்கிழமையும் கேப்பாங்க சார். என்னன்னு சொல்லட்டும்?"

"தெரியாதுன்னே சொல்லும்மா."

"மறுபடியும் வெளிய நிக்கணும் சார்."

அவள் சொன்னது சரி. வெறும் "தெரியாது" அவளை எங்கே நிறுத்தும் என்று எனக்கும் தெரியும், நானும் நின்றிருக்கிறேன். பள்ளி முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை எழுதிய கடிதத்தை இன்னொரு பிரதி எடுத்து, அடியில் கையெழுத்தும் முனைவர் பட்டமும் போன் நம்பரும் போட்டேன். தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராது. அன்று காலை ஏழே காலுக்குச் சிவகாசி பஸ் இருக்கிறதாம். பள்ளி மணி அடிக்குமுன் நானே போய் அந்த மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன்.